கணப்புக்குக் காற்று எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீட்டைப் புதுப்பிப்பவர்கள் முதலில் குளிரைத்தான் அடைக்கிறார்கள். பழைய ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி, பலகைத் தரையின் இடுக்குகளில் பூச்சு, கதவுக்கடியில் ரப்பர் பட்டை. இத்தனை காலம், அறைச் சுவரில் விறகெரிக்கும் கணப்புக்குக் காற்று கொடுத்ததே அந்த இடுக்குகள்தான். அடைத்தபின் விறகு மூட்டினால் புகை மேலேறாமல் அறைக்குள் திரும்பும். புகையாவது கண்ணை எரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். தணல் அடங்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. ஆளைக் கொல்வது அதுதான்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். புகைபோக்கியைச் சுத்தம் செய்து, கதவு ஜன்னல்களைச் சாத்தி, நெருப்பு நன்றாகப் பிடித்தபின் பாருங்கள். புகை வந்தால் ஜன்னலைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறங்கள். நின்றுவிட்டால் காற்றுதான் போதவில்லை, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 900 மி.மீ. அகல ஜன்னலில் 20 மி.மீ. திறப்பு என்றால் 18,000 சதுர மி.மீ. காற்றுவழி தேவை. முழுக்கத் திறந்தும் நிற்காவிட்டால், புகைபோக்கியில் அடைப்பு இருக்கும், உயரம் போதாது, அல்லது கணப்பின் வாய் அளவுக்கு மீறிப் பெரிது.

அங்குள்ள கட்டட விதிகளின் வழிகாட்டியான ஆவணம் 'ஜே', புகைபோக்கி குறுகும் கழுத்தின் பரப்பில் பாதியாவது காற்றுவழி வேண்டும் என்கிறது. உதாரணமாக வாய் 400 மி.மீ. அகலமுள்ள கணப்புக்கு 16,500, 450-க்கு 18,500, 500-க்கு 20,500 சதுர மி.மீ.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். 225 × 75 மி.மீ. ஏர் பிரிக் (காற்று வர ஓட்டைகள் உள்ள செங்கல்) ஒன்றைப் பதித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அதன் முழு முகமே 16,875 சதுர மி.மீ.தான், ஓட்டைகள் அதில் சிறு பகுதி. வாங்கும்போது பொருளில் குறித்திருக்கும் 'ஈக்விவலன்ட் ஏரியா' அளவை, அதாவது காற்று உண்மையில் கடக்கும் பரப்பை, மட்டும் பாருங்கள். மூடித் திறக்கிற ஜன்னல் துவாரம் கணக்கில் சேராது; குளிர்ந்ததும் யாராவது மூடிவிடுவார்கள். வலை போட்டால் கண் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது, தூசி அடைத்துக்கொள்ளும். பலகைத் தரையென்றால் கணப்பின் இருபுறமும் தரைத் துவாரம் வைப்பது நல்லது. உட்கார்ந்திருப்பவர் காலில் குளிர்காற்று அடிக்காது. ஆனால் கார்ன்வால் போல, மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும் பகுதிகளில் தரைக்கடியிலிருந்து காற்று எடுக்கக் கூடாது. பூச்சு வேலைக்கு முன்பே காற்றுவழியை அமைத்துவிடுங்கள்.

தனித்தனிக் கணப்புள்ள முன்னறை, பின்னறைக்கு நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கினால், ஒரு கணப்பு எரியும்போது மற்றதன் புகைபோக்கி வழியாகக் காற்றும் புகையும் கீழே இறங்கும். சமையலறையும் அதோடு சேர்ந்திருந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனும் புகையை உள்ளே இழுக்கும். ஆகவே ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டும் சோதியுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். கூரையில் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 300 மி.மீ. தள்ளி.