தூண்டிலில் சிக்கிய மீன் தொட்டியில் ஏன் இறக்கிறது?

ஏரிக்கரையில் மண்புழு கோத்துப் பிடித்த கெண்டையை வாளியில் கொண்டுவந்து வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டால், அன்று மாலைவரை அது நன்றாகவே நீந்தும். மறுநாளோ மூன்றாம் நாளோ வயிறு மேலாக மிதக்கும். முள் குத்திய காயத்தால் செத்துவிட்டது என்றே பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் உதட்டோரம் பட்ட சிறு துளையால் மீன் சாவது அரிது. முள்ளை விழுங்கிய மீனின் நிலைதான் வேறு. தொண்டைக்குள்ளிருந்து இழுத்தெடுத்தால் செவுளோ குடலோ கிழிந்துவிடும் என்பதால், அத்தகைய மீனை வளர்க்க எண்ணாமல் இருப்பதே நல்லது.

தூண்டிலில் மாட்டிய மீன் போராடும் சில நிமிடங்களில் அதன் வெள்ளைத் தசைகள், ஆக்சிஜன் வந்துசேரும்வரை காத்திராமல், சேமிப்பிலுள்ள கிளைக்கோஜனைச் சிதைத்து இயங்குகின்றன. லாக்டிக் அமிலம் குவிந்து இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. நீரைவிட்டுத் தூக்கியதும் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், ஆக்சிஜன் மிகுதியாகத் தேவைப்படும் அந்த வேளையிலேயே மூச்சும் அடைபடுகிறது. இதிலிருந்து மீளப் பல மணி நேரம் ஆகும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். வெயிலில் சூடேறிய வாளியில் பல மீன்களை அடைத்துச் சுமந்துவருவது எவ்வளவு கொடியது என்பது இதிலிருந்தே விளங்கும்.

காய்ந்த கையால் மீனை இறுகப் பிடிப்பதை முள்ளைவிடப் பெரிய தீங்காகவே நான் கருதுகிறேன். நன்னீர் மீனின் இரத்தம், லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புள்ள கரைசலுக்கு நிகரானது; அது வாழும் குளத்து நீரிலோ பெரும்பாலும் 1 கிராம்கூட இருக்காது. ஆகவே செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. மீன் நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்தும், செவுளிலுள்ள சிறப்பு உயிரணுக்களைக் கொண்டு நீரிலிருந்து உப்பை உறிஞ்சியும் இதை ஈடுகட்டுகிறது. உடலின் மேலுள்ள வழவழப்பான படலம் உரிந்து செதில்கள் பெயர்ந்தால், அந்த இடத்திலும் கசிவு தொடங்கும்; பஞ்சு போன்ற பூஞ்சையும் அங்கேதான் முளைக்கும். அதனால்தான் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும். செடிகள் இல்லாத தனித் தொட்டியில் லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் கல்லுப்பைக் கரைத்து, முதல் சில நாட்கள் மீனை அதில் வைத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து அதன் உழைப்பு மிச்சமாகிறது.

இவற்றைத் தாண்டி வந்த மீனைக் கொல்வது அம்மோனியா. மீன் தன் கழிவு நைட்ரஜனில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஏரியில் அது நீரில் கலந்து நீர்த்துப்போகும். பாசியும் செடிகளும் உண்டுவிடும். நேற்று நிரப்பிய தொட்டியில் அதை மாற்ற யாரும் இல்லை. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்களே அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். எனவே தொட்டியைத் தயார்செய்த பிறகே தூண்டிலைக் கையில் எடுக்க வேண்டும். நீரின் பிஎச் அளவு 7இலிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகிறது. காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் மீன்கள் விரைவாகச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். குளோரின் கலந்த குழாய் நீரில் பஞ்சைக் கழுவினால் அந்தப் பாக்டீரியாக்களே மடிந்துவிடும். பிடிபட்ட மீன் முதல் ஓரிரு நாட்கள் உண்ணாமல் இருப்பது இயல்பு. போட்ட தீனி அழுகி அம்மோனியாவையே கூட்டும்.

காட்டு மீன் தனியாக வருவதில்லை. மீன் பேனும், நங்கூரப் புழுவும், வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஓருயிரணு ஒட்டுண்ணியும் உடன் வரக்கூடும். ஒரு வெண்புள்ளி ஒட்டுண்ணி நீரில் உதிர்ந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகுகிறது. ஏரியில் அவற்றில் பெரும்பாலானவை மீனைக் காணாமலே மடிகின்றன. தொட்டியிலோ அத்தனைக்கும் அதே மீன் கிடைக்கிறது. ஏற்கெனவே வளரும் மீன்களோடு சேர்க்கும் முன் 3 அல்லது 4 வாரங்கள் தனியே வைப்பது இதற்காகத்தான். வளர்த்துச் சலித்த மீனை மீண்டும் ஏரியில் விடுவதும் தவறு. கடை மீன்களின் நோய் அதன் வழியாக ஏரிக்குப் போகும்.

இத்தனை இடர்களையும் பெருமளவு தாங்கக்கூடியது பனையேறிக் கெண்டை. 1791ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் டேனிஷ் அதிகாரி டால்டோர்ஃப் அது பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். செவுளுக்கு மேலே மடிப்புகள் நிறைந்த ஓர் உறுப்பால் அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆகவே இதை வளர்க்கும் தொட்டியில் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சில விரற்கடை இடைவெளி வேண்டும். மூடியின் மேல் ஒரு கனமான கல்லும் வேண்டும், ஏனெனில் மழை இரவுகளில் அது வெளியே தாவப் பார்க்கும்.