ஃபார்ஈச் காத்திருக்காது

தோவாளை பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு நாளைக்கு எத்தனை பில் விழும் என்று இன்றைக்கே சொல்ல முடியாது. முகூர்த்த நாளில் கூடும், ஓணம் நெருங்கிவிட்டால் கேரளாவுக்குப் போகிற லோடே வேறு. இப்படி நீளம் முன்கூட்டித் தெரியாத பட்டியலை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நாகர்கோவிலில் புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலிலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பில் பட்டியலை ஃபார்ஈச்சில் (forEach: பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது) ஓடவிட்டு, உள்ளே இருக்கும் ஃபங்ஷனை அசிங்க் (async: நடுவில் காத்திருக்கக்கூடியது) ஆக்கி, பில்லைச் சேமிக்கும் வரிக்கு முன்னால் ‘முடியும்வரை காத்திரு’ என்று சொல்லும் அவெய்ட் (await) போட்டிருப்பார்கள். படித்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த அவெய்ட் தன் ஃபங்ஷனை மட்டும்தான் நிறுத்தி வைக்கும். ஃபார்ஈச் தனக்குத் திரும்பி வரும் ப்ராமிஸை (Promise: வேலையின் முடிவு பிறகு வரும் என்பதற்கான சீட்டு மாதிரி) கண்டுகொள்ளாமல் அடுத்த பில்லுக்குப் போய்விடும். எல்லாப் பில்லும் ஒன்றாகக் கிளம்பிவிடும். முதல் பில் சேமிப்பாகும் முன்பே ‘முடிந்தது’ என்று திரையில் வந்துவிடும்.

இதனால் என்ன கெடும்? ஒரு வியாபாரியின் பழைய பாக்கி 4,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பிச்சிக்கு 800, அரளிக்கு 650, கேந்திக்கு 1,100 என்று மூன்று பில். ஒவ்வொரு பில்லும் பாக்கியைப் படித்து, தன் தொகையைக் கூட்டி, திரும்ப எழுதுகிறது. வரிசையாக ஓடினால் பாக்கி 6,750. மூன்றும் ஒன்றாக ஓடினால் மூன்றுமே 4,200-ஐப் படித்துவிடலாம். அப்போது கடைசியாக எழுதியது எதுவோ அதுவே நிற்கும்: 5,000, 4,850, 5,300, மூன்றில் ஏதோ ஒன்று. திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்குப்பிள்ளை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

‘அப்போ ப்ராமிஸ்.ஆல் போட்டால் சரியாகிவிடுமா?’ என்று கேட்பார்கள். ஆகாது. ப்ராமிஸ்.ஆல் (Promise.all), எதுவும் தோற்காதவரை, எல்லாம் முடியும்வரை காத்திருக்கும், அவ்வளவுதான், வரிசைப்படுத்தாது. ப்ராமிஸ் கையில் வந்துவிட்டது என்றாலே பெரும்பாலும் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். ப்ராமிஸ்களை அடுக்கி வைத்துவிட்டுப் பிறகு வரிசைப்படுத்தப் பார்ப்பது, பஸ் வடசேரி பஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பிய பிறகு டிக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்துவது மாதிரி. ஆகவே பட்டியலில் ப்ராமிஸை வைக்காதீர்கள். பில் விவரத்தை வையுங்கள், அல்லது கூப்பிட்டால் மட்டும் வேலையைத் தொடங்கும் ஃபங்ஷனை வையுங்கள்.

அப்புறம் வேலை எளிது. அசிங்க் ஃபங்ஷனுக்குள், பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்-ஆஃப் (for...of) லூப், அதற்குள் அவெய்ட். முன்னது முடிந்தால்தான் அடுத்தது கூப்பிடப்படும். பட்டியலில் மூன்று இருந்தாலும் முந்நூறு இருந்தாலும் இதே சில வரிகள்தான். அசிங்க், அவெய்ட் 2017-இல்தான் மொழித் தரத்தில் சேர்ந்தன. அதற்கு முந்திய புரோகிராம்களில், பட்டியலை ஒன்றாகச் சுருக்கும் ரெடியூஸ் (reduce) வைத்து, முடிந்த ப்ராமிஸ் ஒன்றைத் தொடக்க மதிப்பாகக் கொண்டு, ‘முடிந்ததும் இதைச் செய்’ என்னும் தென் (then) ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் தென்னுக்குள் ரிட்டர்ன் விட்டுப்போனால் சங்கிலி அங்கேயே அறுந்து, அடுத்த வேலை காத்திருக்காமல் ஓடிவிடும். தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டால், பில்லே இல்லாத நாளில் ரெடியூஸ் பிழை எறியும். புதிதாக எழுதுகிறவர்கள் ஃபார்-ஆஃப் எழுதினால் போதும் என்பது என் கருத்து.

நடுவில் ஒன்று தோற்றால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். லூப்புக்கு வெளியே, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் (try-catch) வைத்தால் முதல் தோல்வியிலேயே எல்லாம் நிற்கும்; உள்ளே வைத்தால் மீதி தொடரும். ஒரே வியாபாரியின் பில்கள் என்றால் நிற்பதுதான் நல்லது. வேறு வேறு ஆட்களின் பில் என்றால் தோற்றதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போகலாம். ஃபார்ஈச்சில் இப்படி முதல் தோல்வியில் நிறுத்தும் வசதியே கிடையாது. வெளியே ட்ரை-கேட்ச் இருந்தாலும் உள்ளே நடக்கும் தோல்வி அதில் சிக்காது. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவிடும் நோட் (Node.js) மென்பொருளின் 15-ஆம் பதிப்பிலிருந்து, யாரும் பிடிக்காமல் விட்ட அந்தத் தோல்வி புரோகிராமையே நிறுத்திவிடும்.

இன்னொன்று. கடையில் இரண்டு கணினியில் பில் போட்டால், உங்கள் லூப் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பாக்கி தப்பலாம். ஒரு கணினியின் வரிசை மற்றதற்குத் தெரியாது. பாக்கியைப் படித்துக் கூட்டி எழுதும் வேலையை டேட்டாபேஸில் ஒரே டிரான்சாக்‌ஷனாக, அதாவது பாதியில் பிரியாத ஒரே வேலையாக, அந்த வியாபாரியின் பாக்கிப் பதிவை மற்றவர் தொடாதபடி பூட்டிச் செய்ய வேண்டும். மாறாக, வாடிக்கையாளருக்குப் போகும் எஸ்எம்எஸ் மாதிரி ஒன்றையொன்று சாராத வேலைக்கு வரிசையே தேவையில்லை. அங்கே, ஒன்று தோற்றாலும் மீதி முடியும்வரை காத்திருக்கும் ப்ராமிஸ்.ஆல்செட்டில்ட் (Promise.allSettled) போட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

சோதிக்கும்போது எல்லா வேலைக்கும் ஒரே தாமதம் வைக்காதீர்கள், தவறு ஒளிந்துகொள்ளும். முதல் வேலைக்கு மூன்று நொடி, அடுத்ததற்கு ஒரு நொடி, கடைசிக்குச் சுழியம் என்று வைத்து, ஒவ்வொன்றும் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு வரி அச்சிடுங்கள். முதல் வேலையின் ‘முடிந்தது’ வரும் முன் இரண்டாவதன் ‘தொடங்கியது’ வந்தால் அந்தப் புரோகிராமைக் கடைக்குக் கொடுக்காதீர்கள்.