‘கரண்ட் வைக்கும்’ சிகிச்சையை எப்போது யோசிப்பது?

“கரண்டா, டாக்டர்?” என்று கேட்ட அந்த மகன், உடனே திரும்பித் தன் தாயைப் பார்த்தார். 68 வயதான அந்த அம்மாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தன் குடல் முழுவதும் அழுகிவிட்டது, உள்ளே போகும் சாப்பாடு தங்க இடமில்லை என்று உறுதியாக நம்பிய அவர், ஒரு வாரமாக ஸ்பூனில் ஊட்டிய திரவ உணவைத் தவிர வேறெதையும் விழுங்கவில்லை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் இரண்டு வகை மனச்சோர்வு மாத்திரைகளும், மருட்சிக்கான, அதாவது இப்படி இல்லாததை உண்மை என்று அசையாமல் நம்பும் நிலைக்கான மாத்திரை ஒன்றும் உரிய அளவில் கொடுத்துப் பார்க்கப்பட்டிருந்தன. இன்னொரு மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்பது மகனின் வேண்டுகோள். மனச்சோர்வு மாத்திரை முழுப் பலன் தர நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அந்த அம்மாவின் உடலில் அத்தனை வாரங்கள் மிச்சமில்லை என்பதே என் பதிலாக இருந்தது.

மின்வலிப்புச் சிகிச்சை என்கிற ஈ.சி.டி.யைக் ‘கடைசி ஆயுதம்’ என்று சொல்லிச் சொல்லியே அதன் நேரத்தைத் தவறவிடுகிறோம். இதில் குடும்பங்களைவிட எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கே பங்கு அதிகம். மருட்சியோடு கூடிய மனச்சோர்வு, பேச்சும் அசைவும் உறைந்துபோகும் கேட்டடோனியா, உணவு மறுப்பு, நொடிநேரமும் தனியே விடமுடியாத அளவுக்கு முற்றிய தற்கொலை எண்ணம், முன்பு இதே சிகிச்சையால் குணமான வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தால், எல்லா மாத்திரைகளும் தோற்றுப்போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாறாக, லேசான மனச்சோர்வுக்கோ, இழப்பின் துயரத்துக்கோ, குடும்பச் சண்டைக்கோ இது சிகிச்சையே அல்ல. “ஒரு ஷாக் கொடுத்து அடக்கிவையுங்கள்” என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு; அவர்களைத் திருப்பி அனுப்புவதும் எங்கள் வேலைதான்.

அந்த மகனின் பயத்தில் வரலாற்று நியாயம் இருந்தது. 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் இருந்தார்கள். திரைப்படங்கள் இன்றும் காட்டுவது அந்தக் காலத்து அறையைத்தான். ‘ஷாக்’ என்ற பெயரும் தவறான இடத்தைச் சுட்டுகிறது. நோயைத் தணிப்பது மின்சாரம் தரும் அதிர்ச்சி அன்று, அது மூளையில் தூண்டிவிடும் வலிப்பு. 1934-இலேயே புடாபெஸ்ட்டில் மெடுனா என்ற மருத்துவர் மின்சாரமே இல்லாமல் கற்பூரத்தைக் கொண்டு வலிப்பை வரவழைத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறார்.

இன்று நடப்பதைச் சொல்கிறேன். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வருபவருக்கு நரம்பு வழியாக மயக்க மருந்து செலுத்துகிறோம். அவர் தூங்கிய பிறகு, ஒரு கணுக்காலுக்கு மேல் கட்டிய ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக் காற்றடைத்துவிட்டு, தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுக்கிறோம். பிறகு தலையில் வைத்த மின்முனைகள் வழியே மின்சாரம் செலுத்தி வலிப்பைத் தூண்டுகிறோம். பட்டையைத் தாண்டி அந்த மருந்து இறங்காது என்பதால், முகமூடி வழியே பிராணவாயு போய்க்கொண்டிருக்க, உடல் முழுவதும் அசையாமல் கிடக்கும்போது அந்த ஒற்றைப் பாதம் மட்டும் துடிக்கும். அறையில் எல்லோருடைய கண்ணும் அந்தக் கால்விரல்களின் மேல்தான். சாதாரணமாக அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் துடிப்பு நின்றுவிடும். மூளை அலைப் பதிவிலும் கோடுகள் அடங்கியதைப் பார்த்துக்கொள்கிறோம். சில நிமிடங்களில் கண் விழிப்பவர், எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் சிறிது நேரம் திகைப்பார். தலைவலியும் தாடை வலியும் அன்று இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையாக, பெரும்பாலோருக்கு 6 முதல் 12 அமர்வுகள் தேவைப்படும்.

உயிர் ஆபத்து, ஏறக்குறைய ஒரு லட்சம் அமர்வுகளில் இரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் இதயம், நுரையீரல் தொடர்பானது. ஆகவே அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மூளைக்குள் அழுத்தம் கூடியவர்கள் ஆகியோரிடம் அவசரப்படக் கூடாது. வலிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நினைவைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். புதியவற்றை மனத்தில் பதியவைக்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. ஆனால் சிகிச்சை நாட்களையும் அதற்கு முந்தைய வாரங்களையும், சிலருக்கு மாதங்களையும் சேர்ந்த நினைவுகளில் சில திரும்புவதே இல்லை. “அதெல்லாம் வந்துவிடும்” என்று ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. தலையின் இரு பக்கமும் மின்முனை வைத்தால் பலன் விரைவு, மறதியும் அதிகம். வலப்பக்கம் மட்டும், மிகக் குறுகிய துடிப்புகளாகக் கொடுத்தால் மறதி குறைவு, ஆனால் அமர்வுகள் கூடலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகும் எந்த அமர்வுக்கு முன்பும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவருக்காக யார் சம்மதிக்கலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கிறது.

நான்காவது அமர்வுக்கு மறுநாள் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, தன் மூக்குக் கண்ணாடி எங்கே என்பது. எட்டு அமர்வுகள் முடிந்து, தானே சாப்பிட்டு, நடந்து வீட்டுக்குப் போனார். அதோடு மருந்தையும் நிறுத்திவிடலாம் என்று மகன் நினைத்தார். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சிகிச்சையால் தேறியவர்களில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 24 வாரங்களுக்குள் நோய் திரும்பிய அளவு 84 சதவீதம். நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் லித்தியமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் 39 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகே அவர் ஒப்புக்கொண்டார். மருந்து மட்டும் போதாதவர்களுக்கு, இடைவெளி விட்டு அமர்வுகளைத் தொடர்வதும் உண்டு.

நோய் முற்றுவதற்குச் சற்று முன்பு அவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்திருக்கும் புகைப்படத்தை என்னிடம் காட்டி, “இது நான்தான், ஆனால் எனக்கு ஞாபகம் இல்லை” என்றார். நோயாலும் அந்த நாட்கள் மங்கியிருக்கலாம், சிகிச்சையாலும் போயிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவருடைய குறிப்பேட்டில் அதை இழப்பு என்றே எழுதினேன். புகைப்படத்தைப் பையில் வைத்துக்கொண்டே, மாத்திரையை எப்போது குறைப்பீர்கள் என்று கேட்டார். இன்னும் ஆறு மாதத்துக்கு இல்லை என்றேன்.