இற்றைப்படுத்தல்: 'அப்டேட்' என்னும் சொல்லுக்குள் இருக்கும் நாள்

நாள்தோறும் நம் வாயில் புழங்கும் 'அப்டேட்' என்ற சொல்லின் பின்பாதியாக நிற்பது 'டேட்', அதாவது நாள். பேரேட்டில் இன்றைய தேதிவரை வரவும் செலவும் விடுபடாமல் ஏறியிருக்கின்றன என்று சொல்ல ஆங்கிலக் கணக்கர்கள் வழங்கிய தொடரே இதன் தாய் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுவர். அது வினைச்சொல்லாக மாறியது 20ஆம் நூற்றாண்டில். 'டேட்' என்பதற்கு லத்தீனில் 'தரப்பட்டது' என்று பொருள். இந்த ஊரில் இந்த நாளில் தரப்பட்டது என்று ரோமானியர் மடலின் முடிவில் குறித்துவந்ததால், 'தரப்பட்டது' என்ற சொல்லே காலப்போக்கில் நாளைக் குறிக்கலாயிற்று. 'டேட்டா'வுக்கும் அதுவே வேர். அதற்கு ஈடாக நாம் வழங்கும் 'தரவு' என்பதும் 'தரு' என்னும் வினையடியில் பிறந்ததே என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும்.

தமிழில் 'புதுப்பித்தல்' என்ற சொல்லே பரவலாக வழங்குகிறது. ஆனால் ஓட்டுநர் உரிமத்தையும் புதுப்பிக்கிறோம், பழைய வீட்டையும் புதுப்பிக்கிறோம், உலாவியில் ஒரு பக்கத்தை மறுபடி ஏற்றுவதையும் அப்படியே சொல்கிறோம். 'மேம்படுத்தல்' என்பதோ ஒரு பதிப்பை விட்டு அடுத்த பதிப்புக்குத் தாவும் 'அப்கிரேடு'க்கே பொருந்தும். இலங்கைத் தமிழர் வழங்கும் 'இற்றைப்படுத்தல்' ஒன்றில்தான் நாள் என்னும் கருத்து நேராக நிற்கிறது. 'இன்று' என்பது 'ஐ' ஏற்று 'இற்றை' ஆகும். 'அன்று' என்பது 'அற்றை' ஆவதும் அவ்வாறே. பாரியை இழந்த மகளிர் 'அற்றைத் திங்கள்' என்றும் 'இற்றைத் திங்கள்' என்றும் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டில் இரண்டும் அருகருகே வருகின்றன. 'இற்றுப்போன கயிறு' என்பதில் உள்ள 'இற்று', 'இறு' என்னும் வேறு வினையிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

இந்தச் சொல்லின் பொருத்தத்தை நான் முழுதாக உணர்ந்தது என் அக்கா வீட்டு மேசைக் கணினியின் முன்னால் உட்கார்ந்தபோது. ஒவ்வொரு முறையும் இற்றைப்படுத்தல் தொடங்கிய சிறிது நேரத்தில் தோல்வி என்று காட்டி நின்றுவிடும். அக்கா மகன் வட்டில் இடத்தைக் காலிசெய்து, மோடத்தை அணைத்துப் போட்டு, என்னென்னவோ செய்து ஓய்ந்திருந்தான். திரையின் வலக்கோடியில் 2015 ஜனவரி 1 என்று தேதி இருந்தது. அக்கா இரவில் சுவிட்ச் போர்டிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுவார். அந்நேரம் கடிகாரத்தை ஓடவைக்க வேண்டிய, தாய்ப்பலகையில் நாணயம்போல் உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. புதியதை மாட்டித் தேதியைச் சரிசெய்ததும் இற்றைப்படுத்தல் தடையின்றி நடந்து முடிந்தது.

காரணம் எளியது. கோப்புகளை அனுப்பும் வழங்கி, அதாவது தொலைவிலுள்ள 'சர்வர்' கணினி, தான் யார் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பழைய தேதியில் நிற்கும் கணினிக்கு அச்சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்றாகத் தெரிவதால், அது இணைப்பை மறுத்துவிடுகிறது. விண்டோஸில் 80072எஃப்8எஃப் என்று முடியும் பிழைக்குறி வந்தால் முதலில் தேதியையும் நேர வலயத்தையும் பார்க்க வேண்டும். 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் போதவில்லை என்று பொருள்; தற்காலிகக் கோப்புகளை நீக்கினாலே பெரும்பாலும் போதும். உபுண்டு என்னும் இயங்குதளத்தில் கடிகாரம் பின்தங்கியிருந்தால், கிடைக்கும் மென்பொருள்களின் பட்டியலுக்குச் சான்றாக வரும் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்பதோடு, செல்லுபடியாக எத்தனை மணி, எத்தனை நிமிடம் மீதமிருக்கிறது என்பதையும் கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையம் எழுதிக் காட்டும்.