சுருக்கெழுத்துக் குறிப்பேடுகளைக் கழித்துவிடாதீர்கள்

ஒலிப்பதிவு பரவலாவதற்கு முன் நிகழ்ந்த சொற்பொழிவுகள் பல, அரங்கில் அமர்ந்து எழுதிய சுருக்கெழுத்தாளரின் குறிப்பேட்டில் மட்டுமே பேசியது பேசியபடி கிடைக்கின்றன. "தட்டச்சுப் படிதான் இருக்கிறதே, குறிப்பேடு எதற்கு?" என்ற கேள்வியை ஆவணக்காப்புப் பணியில் அடிக்கடி எதிர்கொள்கிறேன். தட்டச்சுப் படி, ஒருவர் அந்தக் கோடுகளை எவ்வாறு படித்தார் என்பதற்கான சான்று மட்டுமே. அதுவும் பெரும்பாலும் கூறியது கூறலை நீக்கிச் செப்பனிட்டது. ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும்.

1837இல் வெளியான பிட்மன் சுருக்கெழுத்து முறையில், ஒரே வளைகோடு மெல்லியதாக இருந்தால் ஒரு மெய்யொலி, அழுத்தி எழுதினால் அதன் இணையொலி. 'ஃபேன்', 'வேன்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, தடிமன்தான் வேறு. விரைந்து எழுதுகையில் உயிரொலிக் குறிகள் பெரும்பாலும் விடுபடுவதால், சொல் வரிக்கு மேலே நிற்கிறதா, வரியைத் தொடுகிறதா, ஊடறுக்கிறதா என்பதும் பொருளைத் தீர்மானிக்கும். இத்தகைய தாளை வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் பென்சிலின் மெல்லிய கோடுகள் மறைந்து, தடிமன் வேறுபாடும் குழம்பிவிடும். முழு வண்ணத்தில், 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், படத்தின் விவரம் எதையும் இழக்காத டிஃப் (TIFF) கோப்பாக எடுப்பது நல்லது. பின்னணியைத் தானாகத் 'துப்புரவு' செய்யும் மென்பொருள் வசதி தாளில் அச்சிட்ட வரிக்கோடுகளையும் அழித்துவிடும் என்பதால், அதை அணைத்துவிடுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பை ஜான் ஸ்மித் 1819 முதல் 1822 வரை பாடுபட்டு விரித்தெழுதினார், அதாவது வழக்கமான எழுத்துக்கு மாற்றினார். அந்தச் சுருக்கெழுத்து முறையின் கையேடு பீப்ஸின் நூல் தொகுப்பிலேயே இருந்ததை அவர் அறியவில்லை. ஆகவே எந்த முறை, எழுதியவர் தமக்கென வகுத்துக்கொண்ட சுருக்கங்கள் எவை என்பனவற்றைக் குறிப்பேட்டோடு சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். எழுதியவரின் கையெழுத்தைப் பழகியவர் இருக்கும்போதே படிக்கச் செய்வது அதைவிட முக்கியம். மெய்யியலாளர் ஹுஸ்ஸெர்ல் காபெல்ஸ்பெர்கர் என்னும் ஜெர்மானியச் சுருக்கெழுத்து முறையில் விட்டுச்சென்ற ஏறத்தாழ 40,000 பக்கங்கள் 1938இல் பெல்ஜியத்தின் லூவெனுக்குக் கொண்டு செல்லப்பட்டபின், அவருடைய முன்னாள் உதவியாளர்களான லாண்ட்கிரேபேயும் ஃபிங்கும் அங்கே விரித்தெழுதும் பணியில் அமர்ந்தார்கள்.

தேடல் வசதி முழுக்க முழுக்க விரித்தெழுதிய உரையைச் சார்ந்ததே. பிரெஞ்சு வழி வந்த டுப்ளாயன் சுருக்கெழுத்து 2014இல், கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) இடம்பெற்றது. பிட்மனுக்கு அந்த இடம் இல்லை. விரித்தெழுதிய ஒவ்வொரு வரியையும் படத்தில் அது நிற்கும் இடத்தோடு இணைத்துவிட்டால், தேடிக் கண்டவர் மூலக்கோட்டையே பார்த்துச் சரிபார்க்கலாம். ஐயக்குறியைச் சொல்லின் நடுவே போட்டால் தேடுபொறி அச்சொல்லைத் தவறவிடும் (இந்தச் சிறு பழக்கம் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல). ஐயங்களையும் மாற்று வாசிப்புகளையும் தனி அடுக்கில் வையுங்கள். ஒலிப்படி எழுதப்பட்ட பெயர்களுக்கு வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டலையும் சேர்த்து அட்டவணைப்படுத்துங்கள். இன்னும் படிக்கப்படாத பக்கங்களையும், பேச்சாளர், நாள், இடம் என்ற மூன்று விவரங்களோடு இப்போதே தேடலில் சேர்த்துவிடலாம். அந்த முறையைக் கற்ற ஒருவர் வேறெங்கோ இருந்து அவற்றைக் கண்டெடுத்துப் படித்துத் தரக்கூடும்.