விளைவது ஓரிடம், பழுப்பது வேறிடம்

போன கார்த்திகையில் ஒரு மாலை, என்னிடம் விலங்கியல் படித்த பையன் ஒருவன் காவேரிப்பட்டணத்தில் என் வீட்டுக்கு வந்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம். காபி ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தவன், சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். விந்துப் பரிசோதனை ரிப்போர்ட். எண்ணிக்கை பரவாயில்லை. முன்னோக்கி நீந்தும் அணுக்கள் மட்டும் 18 சதவீதம் என்றிருந்தது.

“மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க சார். மாத்திரைகூட எழுதல. மூணு மாசம் எதுக்குங்க சார்? அதுக்குள்ள தானா சரியாயிடுமா?”

நியாயமான கேள்வி. வகுப்பில் நான் இரண்டே வரியில் கடந்துபோன எபிடிடைமிஸ் என்னும் உறுப்பில்தான் இதற்கான பதிலில் பாதி இருக்கிறது. அன்று அவனுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகிறவர்கள் கிடாயின் விதையைப் பார்த்திருப்பார்கள். அதன் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒட்டிக்கொண்டு, அடியில் ஒரு குமிழாக முடியும் ஒரு பட்டை இருக்கும். கறிக்கடைக்காரர் அதை அரிந்து ஒதுக்கிவிடுவார். அந்தப் பட்டைதான் எபிடிடைமிஸ். கத்தி நுனியால் அதன் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே நூல் நூலாகச் சுருண்டிருக்கும். நூல் நூலாகத் தெரிந்தாலும் அது ஒரே குழாய். டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் 1668-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார். மனிதனில் அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும், ரவிக்கைத் துணியோடு சேர்த்த ஒரு சேலையின் நீளம். அத்தனையும் விரல் நீளத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மேலே தலை, நடுவே உடல், அடியில் வால் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள்.

விந்தகம், அதாவது விதை, விந்தணுவைச் செய்து முடிக்க ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அங்கிருந்து வெளியே வரும் அணுவை நுண்நோக்கியில் பார்த்தால் தலை இருக்கும், வால் இருக்கும், குறை ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு நீந்தத் தெரியாது. கருமுட்டையின் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டாலும் அதன் உறையில் ஒட்டவோ துளைத்துப் போகவோ இயலாது. இந்த இரண்டு திறமையும் அந்த 6 மீட்டர் பயணத்தில்தான் வந்து சேர்கின்றன. பயணம் 2 நாளிலும் முடியலாம், 12 நாள்வரையும் போகலாம். அது தன் வாலால் நீந்திக் கடக்கும் பயணமும் அல்ல. குழாய்ச் சுவரின் தசைகள் மெல்லப் பிழிந்து பிழிந்து அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன.

மாங்காய் மாவட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. சந்தூர்ப் பக்கம் செந்தூராவோ பெங்களூராவோ முற்றியதும் பறித்து, காம்புப் பால் வடியவிட்டு, வைக்கோல் பரப்பி அடுக்குகிறோம். மரத்தில் விளைகிறது, வைக்கோலில் பழுக்கிறது. “அப்ப விதை மரம், இது வைக்கோலுங்களா சார்?” என்றான். பாதி தூரத்துக்கு அந்த உவமை சரியாகவே வரும். அதற்குமேல் வராது. அது எங்கே நின்றுபோகிறது என்பதில்தான் இந்த உறுப்பின் அருமை இருக்கிறது.

மாங்காய் பழுப்பதற்குத் தேவையான எல்லாவற்றையும் காய்க்குள்ளேயே வைத்திருக்கிறது. எத்திலீன் வாயுவைத் தானே உண்டாக்குகிறது, மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக்குகிறது. வைக்கோல் கதகதப்புக்கு மட்டும்தான். விந்தணு அப்படியல்ல. விந்தகத்தை விட்டு வெளியேறும்போதே அதன் மரபணுச் சுருள் புரோட்டமின் என்னும் புரதத்தால் இறுக்கிக் கட்டப்பட்டுவிடுகிறது. மூட்டை கட்டிய கடிதத்தை வாசிக்க முடியாது, அதுபோல அந்த மரபணுவைப் படித்துப் புதிய புரதம் செய்ய அணுவால் முடியாது. ஆகவே அதற்கு இனி வேண்டியது எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். எபிடிடைமிஸின் சுவர்தான் அதைக் கொடுக்கிறது.

இதை உறுதிப்படுத்தவே ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் பிடித்தது. 1931-ல் வில்லியம் யங் என்பவர் கினிப் பன்றிகளின் எபிடிடைமிஸை நடுவில் கட்டிப் பார்த்தார். தலைப்பகுதியிலேயே சிறைப்பட்ட அணுக்களும் நாள் செல்லச் செல்ல அசையத் தொடங்கின. காலம் போனால் அணு தானாகவே முதிரும், குழாய்க்கு அதில் வேலை இல்லை என்று அவர் முடிவுசெய்தார். வைக்கோல் இல்லாமலும் மாங்காய் பழுக்கும் என்பதுபோல. 1967-ல் மைக்கேல் பெட்ஃபோர்டும் மேரி-கிளேர் ஆர்ஜிபான்-கிரிஸ்ட்டும் தனித்தனியாக முயல்களில் செய்த சோதனைகள் அதை மாற்றின. மேல்பகுதியில் கட்டுண்டு கிடந்த அணுக்கள் வயதானபோதும் கருவுறச் செய்யும் திறனைப் பெறவில்லை. காலம் மட்டும் போதாது, அந்தக் குழாயின் கைபட்டாக வேண்டும் என்று தெரிந்தது.

அந்தக் குழாய் என்னதான் செய்கிறது? முதலில் தண்ணீரை இழுக்கிறது. விந்தகத்திலிருந்து வரும் நீர் மிக நீர்த்தது. எபிடிடைமிஸின் வாயிலில் உள்ள சிறு நாளங்களே அதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடுகின்றன. அணுக்கள் நெருக்கமாகின்றன. பிறகு சுவர்ச் செல்கள் புரதங்களைக் குழாய்க்குள் சுரக்கின்றன. சிலவற்றைக் கொழுப்புச் சவ்வால் ஆன மிக நுண்ணிய பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகின்றன. எபிடிடைமோசோம் என்று அவற்றுக்குப் பெயர். பொட்டலம் அணுவின் மேல் ஒட்டி, கொண்டுவந்ததை ஒப்படைக்கிறது. முட்டையின் உறையை அடையாளம் காணும் புரதங்கள் இப்படி வந்து சேர்கின்றன. மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளும் வருகின்றன. தகப்பன் எலியின் உணவை மாற்றினால் இந்தத் துணுக்குகளும் மாறுவதைக் கண்டிருக்கிறார்கள். மனிதனுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. நாளிதழ்களில் இதைப் பெரிதுபடுத்தி எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்கிடையில் அணுவின் தலைக்குள் புரோட்டமின்களுக்கு நடுவே கந்தக இணைப்புகள் கூடுகின்றன, மரபணு மூட்டை இன்னும் கெட்டியாகிறது. கழுத்தில் ஒட்டியிருந்த செல்திரவத் துளி ஒன்று வால் பக்கமாக நகர்கிறது. வால் முதலில் நின்ற இடத்தில் நடுங்குகிறது, பிறகு அணு வட்டமடிக்கிறது, கடைசியில் நேராகப் பாயும் ஆற்றலைப் பெறுகிறது.

ஆனால் பாய விடுவதில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வால்பகுதியில் முதிர்ந்த அணுக்கள் காத்திருக்கும்போது, சுவரில் உள்ள ஒருவகைச் செல்கள் ஓயாமல் அமிலத்தைக் குழாய்க்குள் சேர்க்கின்றன. காரத்தன்மை தரும் பைகார்பனேட் குறைகிறது. அந்த லேசான புளிப்பில் அணுக்கள் அசையாமல் உறங்குகின்றன. சக்தி வீணாவதில்லை. வெளியேறும்போது விந்துப்பையிலிருந்து வரும் காரத்தன்மையுள்ள நீரும் புராஸ்டேட் சுரப்பியின் நீரும் கலந்ததும் விழித்துக்கொள்கின்றன. அப்போதும் வேலை முடியவில்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகே முட்டையைத் துளைக்கும் கடைசித் தகுதி வருகிறது. இதை 1951-ல் எம்.சி. சாங்கும் சி.ஆர். ஆஸ்டினும் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் குறுக்கிட்டான். “அடக்கி வச்சா பலம் சேரும்னு லாட்ஜுல வர்ற வைத்தியர் ஒருத்தர் சொன்னாருங்க சார். ஒரு மாசமா அப்படித்தான் இருந்தேன். அப்புறம்தான் டெஸ்ட் குடுத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் அல்ல. நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்று சொல்லிப் பயமுறுத்திக் காசு பார்ப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. விந்தில் பெரும்பங்கு விந்துப்பை, புராஸ்டேட் நீர். விந்தணுக்களும் அவற்றோடு வரும் நீரும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அடக்கிவைத்தால் எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் மனிதனின் எபிடிடைமிஸ் வாலில் இடம் குறைவு. கிடாய்க்கு இருப்பதுபோன்ற பெரிய கிடங்கு நமக்கு இல்லை. நாள்கணக்கில் தேங்கும் அணுக்களின் கொழுப்புச் சவ்வை ஆக்சிஜனேற்றம் அரிக்கிறது, நீந்தும் அணுக்களின் பங்கு குறைகிறது, மரபணு இழை அறுபடுவது கூடுகிறது. வைக்கோலில் அடுக்கிய பழத்தை எடுக்காமலே விட்டால் அழுகத்தானே செய்யும்! பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்த நிறுவனத்தின் 2021 கையேட்டில் முன்னோக்கி நீந்தும் அணுக்களுக்கான கீழ்வரம்பு 30 சதவீதம். இயற்கையாகக் குழந்தை பெற்ற ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அதற்கும் கீழே இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது தீர்ப்பு எழுதும் எண் அல்ல. 18 என்பது கவனிக்க வேண்டிய எண், அழ வேண்டிய எண் அல்ல என்று அவனிடம் சொன்னேன்.

பிறகு பேச்சுவாக்கில் இன்னொன்று வெளிவந்தது. ஐப்பசி மழையில் அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருக்கிறான். விந்தகமும் எபிடிடைமிஸும் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான இடத்தில் தொங்குவது காரணத்தோடுதான். உற்பத்திக்கும் குளிர்ச்சி வேண்டும், வால்பகுதிச் சேமிப்புக்கும் வேண்டும். அவன் பரிசோதனைக்குக் கொடுத்த அணுக்கள், காய்ச்சல் கொளுத்திய அந்த வாரத்தில் விந்தகத்துக்குள் பாதி வளர்ந்த செல்களாக இருந்தவை. 74 நாளோடு எபிடிடைமிஸ் பயணத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று மாதம். காய்ச்சலைக் காணாத புதிய பயிர் முழுதாக வந்து சேர அத்தனை நாள் வேண்டும். டாக்டர் சொன்ன கணக்கு அதுதான். மாத்திரை எழுதாமல் விட்டது அக்கறைக்குறைவு அல்ல.

காய்ச்சல் வந்து போய்விடும். தினமும் வரும் சூடுதான் எனக்குக் கவலை. தொப்பூர் கணவாய் வழியே பகலெல்லாம் லாரி ஓட்டுகிறவர்கள், செங்கல் சூளையிலும் பேக்கரி அடுப்படியிலும் நிற்கிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்களுக்கு இடையிடையே எழுந்து நடப்பதும், தளர்ந்த பருத்தி உள்ளாடையும் செலவில்லாத உதவி. பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை எதுவானாலும் விட்டுவிடுவது நல்லது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு இது தெரிய வேண்டும்: வெளியிலிருந்து அது வந்தால் மூளை விந்தகத்துக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி சுருங்கிவிடும்.

எபிடிடைமிஸில் நேரடியாக வரும் கேடு தொற்றுதான். இளைஞர்களில் பெரும்பாலும் உடலுறவால் பரவும் கிருமிகள், வயதானவர்களில் சிறுநீர்ப் பாதைக் கிருமிகள், நம் நாட்டில் காசநோயும் உண்டு. வீங்கும், வலிக்கும், ஆறியபின் தழும்பு குழாயை அடைத்துவிடலாம். ஒரு சேலை நீளமானாலும் இது ஒற்றைக் குழாய், ஓரிடத்தில் அடைத்தால் அந்தப் பக்கத்துப் பாதை முழுவதும் மூடியதுபோல. ஆகவே வலியை மறைக்கக் கூடாது. இன்னொன்று, பையன்களுக்குத் திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்தால் அது விந்தகம் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரு பக்கமும் அடைபட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. 1992-ல் பெல்ஜியத்தில் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை வெற்றிபெற்றது. அடைப்புள்ளவர்களின் எபிடிடைமிஸிலிருந்து ஊசியால் அணுக்களை எடுத்து அப்படிச் செலுத்துகிறார்கள். அங்கே ஒரு தலைகீழ் நிலைமை: அடைபட்ட குழாயில் நல்ல அணுக்கள் வாலில் இருப்பதில்லை, தலையில் இருக்கின்றன. வாலில் கிடப்பவை வெளியேற வழியின்றிக் கிழடுதட்டிச் சிதைந்தவை.

ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் காளை விந்தைச் சேகரித்து மைனஸ் 196 டிகிரியில் உறையவைக்கிறார்கள். அணுவின் கழுத்தில் முன்பு சொன்ன செல்திரவத் துளி இன்னும் ஒட்டியிருந்தால், அது எபிடிடைமிஸில் முதிராமல் வந்த அணு என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுகொள்வார்கள். நம் விவசாயிகளுக்கும் இது ஓரளவு பழக்கம்தான். மாடு சினை பிடிக்கவில்லை என்றால், “எந்தக் காளையோட ஊசிங்க?” என்று முதலில் சினை ஊசியைத்தான் விசாரிப்பார்கள். வீட்டுக்குள் மட்டும் அந்தக் கேள்வி வருவதில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் இவன் மனைவிக்கு இந்த இரண்டு வருடத்தில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டன. இவனுக்கு இதுதான் முதல் பரிசோதனை. ஊசியும் வலியும் இல்லாத பரிசோதனை இதுதான், இது முதலில் நடந்திருக்க வேண்டும் என்று அவனிடம் மறைக்காமல் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

புறப்படும்போது, “ரூம்லயே எடுத்துக் கொண்டுபோய்க் குடுக்கலாங்களா சார்?” என்றான். பரிசோதனைக் கூடத்திலேயே கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் அவர்கள் தரும் டப்பாவில் எடுத்து, உடம்புச் சூட்டில் சட்டைக்குள் வைத்து, அரை மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கும் ஆணுறையில் சேகரிக்கக் கூடாது, அது அணுக்களைக் கொல்லலாம். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம், அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எத்தனை நாள் இடைவெளி, சமீபத்தில் காய்ச்சல் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதையும் எழுதித் தரச் சொன்னேன். மாசி மாதத்தில் ஒரு தேதியைப் போனில் குறித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.