பிரேக் பிடிக்கும் மின்சாரமும் மீஞ்சூர் உப்புத் தண்ணீரும்

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஹெலிகாப்டரில் பறந்தே நிலத்தடி நீரைப் பார்க்கிறார்களாமே சார், எங்கள் ஊருக்கு எந்தக் கருவி சரிப்படும்?”

அவர் ஊரில் சென்னை நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் 1960களின் இறுதிக்குள்ளேயே கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. எதுவரை வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஹெலிகாப்டருக்குக் கீழே, தரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில், பெரிய கம்பி வளையம் ஒன்று தொங்கும். அதில் மின்சாரம் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்துவார்கள். காந்தப்புலம் மறையும் அந்தக் கணத்தில், பள்ளியில் படித்த ஃபாரடே விதிப்படி, மண்ணுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது புகைவளையம் மாதிரி விரிந்துகொண்டே கீழே இறங்கும். நல்ல தண்ணீர் உள்ள மணலில் சீக்கிரம் மங்கிவிடும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உப்புத் தண்ணீரில் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மங்கலை மேலே ஒரு சிறு சுருள் அளக்கும். முதலில் வருவது மேல்மண்ணின் சேதி, தாமதமாக வருவது ஆழத்தின் சேதி.

எனக்குப் பிடித்த இடம் இந்த ‘சட்டென்று’தான். ஆழம் போக நிறைய மின்சாரமும் பல சுற்றுக் கம்பியும் வேண்டும். ஆனால் மணலி சாலையில் வரும் கண்டெய்னர் லாரியைப் பாருங்கள், பாரம் ஏற ஏற பிரேக் பிடித்து நிற்க நேரமாகும். மின்சாரமும் அப்படித்தான். அது நிற்பதற்குள் மேல்மண்ணின் சேதி போய்விடும். அதனால் சில கருவிகள் லாரியும் ஆட்டோவுமாக மாறி மாறி ஓட்டுகின்றன: ஆழத்துக்குப் பலமான துடிப்பு, மேல்மட்டத்துக்குச் சில மைக்ரோநொடியில் அணையும் சிறு துடிப்பு. மீஞ்சூருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மின்சாரத்தை நிறுத்தாமல் பல அதிர்வெண்களில் அலையாக அனுப்பும் இன்னொரு வகைக் கருவி மேல்மண்ணை நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் உப்பு மண்ணில் ஆழம் போகாது. விமானத்தில் கட்டிப் பறப்பது மாநில அளவு வேலைக்கு.

ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கடலூர்ப் பக்கம் பறந்து பார்த்திருக்கிறது. இங்கேயும் செலவழிக்கலாம். உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்ததை நம்பி ஆயிரக்கணக்கில் போர் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

இரண்டு சிக்கல். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகளுக்கு நூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால்தான் அளவீடு தேறும். அப்புறம், களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும். உப்புத் தண்ணீர் மாதிரியே வேஷம் போடும். பிரித்தறிய, எந்த அடியில் மணல், எந்த அடியில் களிமண் என்ற போர்வெல் விவரம் வேண்டும். உங்கள் வீட்டில் போர் போட்டபோது ரிக் வண்டிக்காரர் அதை எழுதிக் கொடுத்தாரா? என் வீட்டில் அடிக்கணக்கில் பில் மட்டும்தான் கொடுத்தார்.